பர்மா உளுந்தும் மோங்லாவுக்குப் போன லாரியும்: அண்டை நாட்டுச் சந்தை எங்கே சிக்குகிறது?

2017 அக்டோபர் கடைசியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து வங்கதேசத்தின் மோங்லா துறைமுகத்துக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் ஏற்றியிருந்தவை 185 அசோக் லேலண்ட் லாரிகள். 1948-ல் எண்ணூரில் தொடங்கிய கம்பெனி அது. வடசென்னையில் அந்த ஆலையின் சம்பளத்தில் படித்து வளர்ந்த குடும்பங்கள் ஏராளம். அதுவரை வங்கதேசத்துக்கு விற்ற லாரிகளைச் சாலை வழியாக ஓட்டிக்கொண்டு போவதே வழக்கம். சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டி மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லையைத் தொட்டால், அங்கே நீண்ட வரிசை காத்திருக்கும். கப்பலில் அனுப்பினால் 15 முதல் 20 நாள் மிச்சமாகும் என்று மத்தியக் கப்பல் அமைச்சகம் அப்போது சொன்னது.

இந்த நாட்களை மிச்சப்படுத்த யாரும் ஒரு பைசா வரியைக் குறைக்கவில்லை. 2015 ஜூனில் இந்தியாவும் வங்கதேசமும் ஒரு கரையோரக் கப்பல் ஒப்பந்தம் போட்டன. இரு நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் சிறிய கப்பல்களை வெளிநாட்டுக் கப்பலாக நடத்தாமல், உள்நாட்டுக் கப்பலுக்கு வாங்கும் அதே துறைமுகக் கட்டணத்தை வாங்குவது என்று முடிவானது. அதற்கு முன்பு, பக்கத்தில் இருக்கும் சிட்டகாங்குக்குப் போக வேண்டிய கண்டெய்னர் கொழும்பையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டு போனது.

அண்டை நாடுகளின் பொதுச் சந்தை என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் உடனே கேட்பது, 'வரி எத்தனை சதவீதம் குறையும்?' என்பதைத்தான். என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. சரக்கு எத்தனை நாள் நிற்கிறது, அடுத்த நாட்டுச் சான்றிதழை நாம் நம்புகிறோமா, இன்று இருக்கும் விதி கப்பல் வந்து சேரும் நாளிலும் இருக்குமா, இவை முதலில் வர வேண்டியவை. ராஜாஜி சாலையின் சுங்க மாளிகையிலும், மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளிலும் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஒப்பந்தங்களை எழுதுகிற மேசைக்குத்தான் இது போய்ச் சேருவதில்லை.

படிகள் எவை

நாடுகள் சந்தையை இணைப்பதில் சில படிகள் உண்டு. முதல் படி தடையற்ற வணிக ஒப்பந்தம்: ஒருவர் பொருளுக்கு மற்றவர் சுங்க வரி போடுவதில்லை, அல்லது குறைத்துக்கொள்கிறார். ஆனால் வெளியுலகத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனி வரி வைத்திருப்பார்கள். அடுத்தது சுங்க ஒன்றியம்: வெளியுலகத்துக்கும் எல்லோரும் ஒரே வரி. அதற்கும் மேலே பொதுச் சந்தை. அங்கே சரக்கோடு சேர்ந்து ஆட்களும் முதலீடும் சேவைகளும் எல்லை தாண்டிப் போகலாம்.

முதல் படியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை இந்தியாவும் இலங்கையும் அனுபவித்துத் தெரிந்துகொண்டன. 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. பாமாயிலுக்கும் பழைய செம்புக்கும் இலங்கையில் வரி குறைவு, இந்தியாவில் அதிகம். உடனே இந்திய முதலீட்டாளர்களே இலங்கையில் வனஸ்பதி ஆலையும் செம்பு ஆலையும் போட்டு, வெளிநாட்டு மூலப்பொருளை இறக்கி, பொருளாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கிருந்த ஆலைகள் கூச்சல் போட்டன. இவ்வளவுதான் இறக்கலாம் என்று கோட்டா வந்தது. இலங்கை ஆலைகள் மூடின. இதைத் தடுக்கத்தான் 'தோற்ற விதி' என்று ஒன்று வைக்கிறார்கள். பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. விதி நியாயமானதே. ஆனால் அதை நிரூபிக்கிற காகிதம்தான் வணிகத்தின் கழுத்தில் கட்டிய கல். 2020 செப்டம்பரில் இந்தியா கொண்டுவந்த புதிய விதிகளின்படி, சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. சரக்கு உண்மையில் எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும். வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக வேஷம் போட்டு வருகிறது என்ற புகார் நெடுநாளாக இருந்ததால் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல முடியாது. அதே சமயம், இலங்கையின் மாத்தளையில் உண்மையாகவே மிளகு விளைவிக்கிறவரும் அந்தச் சந்தேகத்தின் கீழேதான் வருகிறார்.

தெற்காசியா முழுவதற்கும் பொதுவான தடையற்ற வணிக ஒப்பந்தம் சாஃப்டா. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் நடந்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் மாநாட்டில் கையெழுத்தாகி, 2006-ல் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டு ஆகியும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இது 20 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏறக்குறைய 60. உலக வங்கியின் 2018 அறிக்கை, தெற்காசியாவுக்குள் அப்போது நடந்த சரக்கு வணிகம் 2,300 கோடி டாலர், நடந்திருக்க வேண்டியது 6,700 கோடி டாலர் என்று கணக்கிட்டது.

ஏன் இப்படி? இந்தியா-பாகிஸ்தான் பகை என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது வழக்கம். அது உண்மை. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. 2019-ல் பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது. சார்க் சாசனமோ எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருநாட்டுச் சச்சரவுகளைப் பேசக் கூடாது என்கிறது. சண்டையை மேசைக்கே கொண்டுவர முடியாத அமைப்பில் சண்டை எப்படித் தீரும்? ஆனால் பாகிஸ்தான் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் சரக்கு நிற்கிறதே, அதற்கு என்ன காரணம்? அதைப் பார்க்க உளுந்து மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

ஒரு மூட்டை உளுந்து

தமிழ்நாட்டு இட்லி மாவிலும் அப்பளத்திலும் சேரும் உளுந்தில் பெரும் பங்கு பர்மாவில் விளைந்தது. நாடு மியான்மர் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆனாலும், கொத்தவால்சாவடிப் பக்கம் இன்றும் அது பர்மா உளுந்துதான். எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்), எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்று இரண்டு தரம். சென்னையில் அந்த இரண்டுக்கும் விழும் விலையை நாடு முழுவதும் உள்ள பருப்பு வியாபாரிகள் கவனிக்கிறார்கள்.

இந்த வணிகத்துக்கு வயது அதிகம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைக்கும் ரங்கூனுக்கும் நடுவே கப்பல் ஓடியது, அரிசி வந்தது, தமிழ்நாட்டு ஆளும் முதலும் அங்கே போனது. ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஒரே சந்தை. அதில் சுரண்டலும் உண்டு. பர்மிய விவசாயியின் நிலம் கடனுக்குப் போன கதையை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்வது நேர்மையில்லை. 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் ஆலைகளையும் அரசுடைமையாக்கியபோது தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. இன்று மாலையில் அங்கே நின்று அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடுகிற இளைஞர்களுக்கு, தட்டில் இருப்பது ஒரு சந்தை உடைந்ததன் மிச்சம் என்று தெரியாமல் இருக்கலாம்.

சரி, மூட்டைக்கு வருவோம். யாங்கோனிலிருந்து கண்டெய்னர் சென்னைக்கு வந்ததும் கிளியரிங் ஏஜென்ட் சுங்கத்துறைக்குப் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போடுகிறார். இப்போது அது இணையத்தில். எல்லா அலுவலகத்துக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர முறையும் 2016-லிருந்து இருக்கிறது. ஆனால் சாளரம் ஒன்றானாலும் அதற்குப் பின்னால் அலுவலகங்கள் தனித்தனி. பூச்சி, நோய் இருக்கிறதா என்று பார்க்க தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகம் மாதிரி எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆட்கள் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். புகையடித்ததற்கான சான்றிதழ் சரியாக இல்லையென்றால் இங்கே மறுபடி அடிக்க வேண்டும். தோற்றச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஒரு தேதி ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி வரும். இதெல்லாம் முடியும் வரை பெட்டி திருவொற்றியூரிலோ மணலியிலோ மாதவரத்திலோ ஒரு சி.எஃப்.எஸ். எனப்படும் கண்டெய்னர் சரக்கு யார்டில் நிற்கும். இலவச நாட்கள் தீர்ந்ததும் யார்டு வாடகை ஒரு பக்கம் ஓடும், பெட்டியைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனியின் டிடென்ஷன் கட்டணம் இன்னொரு பக்கம் ஓடும். வரி பூஜ்யமாக இருந்தாலும் இந்தச் செலவு பூஜ்யம் ஆவதில்லை. கடைசியில் அது மாவு பாக்கெட் விலையில் ஏறி உட்காருகிறது.

இதைவிடப் பெரிய அடி, விதி மாறுவதால் விழுவது. 2016-ல் பருப்பு விலை உச்சத்துக்குப் போனது. இந்தியா வாங்கும் என்று நம்பி பர்மிய விவசாயிகள் விதைத்தார்கள். 2017-ல் இங்கேயே விளைச்சல் கொழித்ததும், ஆகஸ்ட் மாதம் இந்தியா இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டது. உள்ளூர் விவசாயியைக் காப்பாற்ற என்று சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தியாவைத் தவிர வேறு பெரிய சந்தை இல்லாத பொருள் அது. அங்கே விலை சரிந்தது. 2021 மே மாதம் இங்கே பற்றாக்குறை வந்ததும் கட்டுப்பாடு நீங்கியது. நாம் கதவைத் திறந்த நாளில் எதிர் வீட்டுக்காரர் ஏற்கெனவே வேறு பயிருக்குப் போயிருந்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அதற்குப் பிறகு செய்தது நல்ல வேலை. 2021 ஜூனில் இரு நாடுகளும் ஒரு புரிந்துணர்வு உடன்பாடு போட்டன: தனியார் வணிகம் வழியே ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, ஐந்து ஆண்டுக்கு. வரியைப் பற்றி இல்லாமல், நிச்சயத்தைப் பற்றி எழுதப்பட்ட காகிதம் இது. விதைக்கிறவருக்கும் மில் நடத்துகிறவருக்கும் முன்கூட்டியே ஒரு எண் தெரிகிறது. அண்டை நாட்டுச் சந்தையைப் பலப்படுத்தும் கொள்கை எது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த மாதிரி உடன்பாட்டைத்தான்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

ஐரோப்பாவில் சுங்க வரி 1968-லேயே உள்ளுக்குள் ஒழிந்துவிட்டது. அப்படியும் சந்தை ஒன்றாகவில்லை. லாரி டிரைவர் கட்டுக்கட்டாகப் படிவங்களோடு எல்லையில் நின்றார். ஒவ்வொரு நாடும் தன் தரக்கட்டுப்பாட்டைச் சுவராக எழுப்பியது. அதை உடைத்த வழக்குகளில் ஒன்று ஒரு மதுபாட்டில் பற்றியது. பிரான்சின் காசி த திஜோன் என்ற பழமது 15-20 சதவீத ஆல்கஹால் கொண்டது. ஜெர்மனியோ அந்த வகை மதுவில் குறைந்தது 25 சதவீதம் இருந்தால்தான் விற்கலாம் என்றது. 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கிற பொருளை, உடல்நலம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்பது அதிலிருந்து பிறந்த கொள்கை. எல்லோருடைய விதியையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஒருவர் சோதனையை மற்றவர் ஏற்றால் போதும்.

அப்புறம் 1985-ல் ஏறக்குறைய 300 நடவடிக்கைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு எழுதி, 1992 முடிவுக்குள் முடிப்பது என்று இறங்கினார்கள். 1988-ல் டிரைவரின் படிவக் கட்டுக்குப் பதிலாக ஒரே படிவம் வந்தது. 1993 ஜனவரி 1 ஒற்றைச் சந்தை. அதே காலத்தில், போட்டியில் பின்தங்கக்கூடிய ஏழை வட்டாரங்களுக்கான நிதியை இரட்டிப்பாக்கினார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நம் பக்கம் யாரும் பேசுவதே இல்லை. கட்டுரையின் முடிவில் திரும்ப வருகிறேன்.

ஐரோப்பா பணக்காரக் கூட்டம், நமக்கு ஒத்துவராது என்பவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். கென்யா, உகாண்டா, தான்சானியாவின் பழைய கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977-ல் சண்டையில் கலைந்தே போனது. 2000-ல் மறுபடி எழுந்து, 2005-ல் சுங்க ஒன்றியம், 2010-ல் பொதுச் சந்தை என்று நடந்தது. எல்லையின் இரு பக்கமும் இரண்டு முறை நிற்காமல், இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து ஒரே முறை பார்த்து அனுப்பும் சாவடிகளை வைத்தார்கள். சரக்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும்போதே உகாண்டாவுக்கான வரியைக் கட்டிவிடலாம். மொம்பாசாவிலிருந்து உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு 18 நாள் ஆன பயணம் நான்கைந்து நாளுக்குள் வந்தது. அவர்களுக்கும் சச்சரவு தீரவில்லை, எல்லையை மூடிய சம்பவங்களும் உண்டு. ஆனால் பேசித் தீர்க்க ஒரு இடமும், வழக்குப் போட ஒரு நீதிமன்றமும் இருக்கிறது.

இங்கே அது இல்லாததால் என்ன ஆகிறது என்பதற்கு 2025 சாட்சி. ஏப்ரலில், வங்கதேசச் சரக்கு இந்தியா வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை இந்தியா நிறுத்தியது. சில நாட்களிலேயே, இந்திய நூல் தரைவழி எல்லைகளில் வருவதை வங்கதேசம் தடுத்தது. மே மாதம், வங்கதேச ஆயத்த ஆடை மும்பைப் பக்கத்து நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா உத்தரவு போட்டது. காகிதத்தில் சாஃப்டா வரிச் சலுகை அப்படியே இருந்தது. மூடியது வாசல்கள் மட்டும். நூலுக்குக் கடல்வழி திறந்திருந்ததால் தமிழ்நாட்டு மில்களுக்குத் தப்பிக்க ஒரு பாதை மிஞ்சியது. தரைவழியை நம்பியிருந்த வட இந்தியக்காரர்களுக்கு அடி அதிகம். யார் முதலில் தொடங்கினார்கள் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. வாசலை மூடுவதற்கு முன் இத்தனை நாள் அறிவிப்பு, பேச்சுவார்த்தைக்கு இத்தனை நாள், ஏற்கெனவே கிளம்பிய சரக்குக்கு விலக்கு என்று ஒரு ஷரத்து இருந்தால், அரசுகளின் கோபம் தையல் தொழிலாளியின் கூலியில் நேரடியாகப் போய் விழாது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் இலங்கையிடம் டாலர் தீர்ந்தபோது, வந்திறங்கிய உணவுக் கண்டெய்னர்களையே கொழும்பில் எடுக்க முடியாமல் போனது. அந்த மே 18-ல் தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால்பவுடரும் மருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பின. அண்டை வீட்டார் இருவர் தங்களுக்குள் வாங்கி விற்க மூன்றாவது நாட்டின் நாணயத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாயிலேயே கணக்கு முடிக்க வழி திறந்தது. 2024 தொடக்கத்தில் மியான்மர் பருப்புக்குப் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியே, ரூபாயிலும் மியான்மர் நாணயமான கியாட்டிலும் கணக்கு முடிக்கும் முறை வந்தது. பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

சாலையில் நிற்கிற சந்தை

சந்தை பெருகினால் அது எந்தத் தெரு வழியாகப் போகும்? வடசென்னைக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். எர்ணாவூரிலிருந்து ஜீரோ கேட் வரை எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற இரவுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்கும் டிரைவருக்குக் குளிக்க இடமில்லை, கழிப்பறை இல்லை. வேலைக்குப் போகிற பெண்களும் சைக்கிளில் போகிற பிள்ளைகளும் அந்தச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் போட்டார்கள், 2012-ல் வேலை நின்றது, 2022-ல் வேறு வடிவத்தில் மறுபடி அடிக்கல் போட்டார்கள். பத்தாண்டு ஒரு துறைமுகத்தின் வாசலை அடைத்துவைத்துவிட்டு, அண்டை நாடுகளோடு வேகமாக வணிகம் செய்வோம் என்று மாநாட்டில் பேசுவதில் அர்த்தமில்லை. நேரடித் துறைமுக விநியோக முறையில் பெட்டி யார்டுக்குப் போகாமல் நேராக ஆலைக்குப் போவதைக் கூட்டினாலே சாலையில் பாதி நடமாட்டம் தேவையற்றதாகிவிடும் என்பது என் எண்ணம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வணிகத்தின் ஆதாயம் நாடு முழுக்கப் பரவுகிறது. அதற்கான மண்ணரிப்பும் புகையும் நெரிசலும் ஒரு சில கடலோர ஊர்களின் தலையில் குவிகிறது. ஐரோப்பா தன் ஏழை வட்டாரங்களுக்குப் பணம் ஒதுக்கியதைத் தர்மம் என்று நினைக்கக் கூடாது. நஷ்டப்படுகிறவர்களுக்குப் பங்கு தராத சந்தைக்கு மக்கள் ஆதரவு நிலைக்காது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். துறைமுகத்தின் வருமானத்தில் ஒரு பகுதி திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் சட்டப்படி வர வேண்டும் என்று கேட்பது, வணிகத்துக்கு எதிரான பேச்சு ஆகாது.

இனி கவனம் வங்கக் கடல் பக்கம். 1997-ல் தொடங்கிய, வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, மியான்மர், தாய்லாந்து, நேபாளம், பூடான் ஆகிய ஏழு நாடுகள். அதன் தடையற்ற வணிகத்துக்கான கட்டமைப்பு ஒப்பந்தம் 2004-ல் போட்டது. இருபது ஆண்டு தாண்டியும் முழு ஒப்பந்தம் கைக்கு வரவில்லை. ஆனால் 2025 ஏப்ரல் பாங்காக் மாநாட்டில் கடல் போக்குவரத்து ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. வரிப் பேச்சு முடியட்டும் என்று காத்திராமல் கப்பலை முதலில் ஓடவிடுவது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். மோங்லாவுக்குப் போன லாரிகள் சொன்னதும் இதையே.

உளுந்துக்கான ஐந்தாண்டு உடன்பாடு 2025-26 நிதியாண்டோடு முடியும்படி எழுதப்பட்டது. அதற்கு அடுத்ததை எழுதுகிறவர்கள் டன் கணக்கோடு நின்றுவிடாமல் மூன்று ஷரத்துகளைச் சேர்க்க வேண்டும். யாங்கோனில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடம் பார்த்துச் சான்று கொடுத்த பெட்டிக்குச் சென்னையில் மறுபடி முழுச் சோதனை கிடையாது. தோற்றச் சான்றிதழ் அரசிலிருந்து அரசுக்கு மின்னணு முறையில் நேராக வரும். கொள்கை எப்போது மாறினாலும், அந்தத் தேதிக்கு முன் கப்பலேறிய சரக்குக்குப் பழைய விதியே பொருந்தும்.